நாளுக்கொரு குளிசை

வாய்ப்புற்றைப் பற்றி இலங்கையின் கிழக்கில் எங்கள் கரையோர ஊர்களில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வெற்றிலை வட்டா இல்லாத வீடு ஒரு காலத்தில் அபூர்வம். வாயில் ஆறாத புண் வந்தால் அது என்னவாக இருக்கலாம் என்று உம்மம்மாமார் கூடச் சொல்லிவிடுவார்கள். மார்புப் புற்றைப் பற்றியும் இப்போது வாய் திறந்து பேசுகிறோம். ஆனால் இரைப்பையின் சுவருக்குள்ளும் சிறுகுடலின் சுவருக்குள்ளும் சத்தமில்லாமல் வளரும் ஒரு புற்று உண்டு. மருத்துவர்கள் அதை ஜிஸ்ட் என்கிறார்கள். அந்தப் பெயரை இந்தக் கரையில் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

உலகக் கணக்கின்படி, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு இது வருகிறது. அம்பாறை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர். அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், ஆண்டுக்கு ஆறு முதல் பத்துப் பேர். சின்ன எண்தான். ஆனால் அந்த ஒவ்வொருவரின் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பதிலும் இன்று கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல. அன்று இந்த நோய் பரவிவிட்டால் மாதக் கணக்கில் முடிந்தது. இன்று பலர் வருடக் கணக்கில் வாழ்கிறார்கள், அதுவும் நாளுக்கு ஒரு குளிசையோடு. இது எப்படி நடந்தது, எங்கள் கரைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது, எது இன்னும் வரவில்லை என்பதை நோயாளிகளும் பிள்ளைகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று: பெயர் தெரியாத கட்டி

நோய் தொடங்கும் விதம் அன்றும் இன்றும் மாறவில்லை. கட்டி சுவருக்குள் இருப்பதால் நெடுநாள் வலியில்லை. அதன் மேற்பரப்பு புண்ணாகும்போது இரத்தம் கசியத் தொடங்கும். மலம் கறுப்பாகப் போகும். முகம் வெளிறும். வயலுக்கோ தறிக்கோ போய் வந்தவருக்குக் கிணற்றடி வரை நடக்கவே மூச்சு வாங்கும். சிலருக்கு மேல்வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டியாகவே முதலில் தெரியவரும்.

1980களிலும் 90களிலும் இப்படி வந்தவருக்கு முதலில் கிடைத்தது கெஸ்ட்ரைட்டிஸ் மருந்து. பிறகு இரத்தம் ஊற இரும்புச் சத்துக் குளிசை. அதற்கும் குணமில்லையென்றால் பரியாரியின் கசாயம், லெப்பை ஓதித் தந்த தண்ணீர். இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கொப்பியும் சீ.டி. ஸ்கேனும் அன்று பெரிய நகரங்களின் சமாச்சாரம். எண்டோஸ்கொப்பி செய்தாலும் பாதி விஷயம்தான் தெரியும். இந்தக் கட்டி உட்தோலுக்கு அடியில் இருப்பதால், மேலே கிள்ளி எடுத்த சதையில் பல வேளை எதுவும் அகப்படாது.

சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியை வெட்டி எடுப்பார். ஆய்வுகூட அறிக்கையில் மென்தசைக் கட்டி, மென்தசைப் புற்று என்று எழுதி வரும். அப்படி எழுதியவர்கள் மேலும் பிழையில்லை, உலகம் முழுவதும் அப்படித்தான் எழுதினார்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு சிலர் நலமாகவே இருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அதே நோய் ஈரலிலோ வயிற்றறையின் சவ்விலோ திரும்பி வந்தது. அந்தக் கட்டத்துக்கு மருந்தே இருக்கவில்லை. வழமையான கீமோதெரபி நூறில் பத்துப் பேருக்குக் கூடப் பலன் தரவில்லை. பரவிய பிறகு பெரும்பாலோருக்கு மிஞ்சியது ஒன்று, ஒன்றரை ஆண்டுகள்.

மருந்தில்லாத நோய்க்காக ஒரு நெடும் பயணமும் போக வேண்டியிருந்தது. புற்றுநோய் என்றால் கொழும்புக்கு அருகில் உள்ள மஹரகம வைத்தியசாலைதான். கல்முனையிலிருந்து அம்பாறை, மஹியங்கனை, கண்டி தாண்டி ஏறத்தாழ 350 கிலோமீற்றர். யுத்தம் நடந்த ஆண்டுகளில் இரவுப் பயணத்தை நினைத்துப் பார்க்க முடியாது. பகலிலும் சோதனைச் சாவடிக்குச் சாவடி பொதிகளோடு இறங்கி ஏற வேண்டும். வயிற்றில் தையல் ஆறாத நோயாளியும் இறங்கித்தான் நடந்தார். கொழும்பில் தெரிந்தவர் வீடு இல்லாதவர்கள் ஆஸ்பத்திரி வெளியிலேயே படுத்தார்கள். நகையை ஈடுவைத்து, ஒரு போகத்து நெல்லை முன்கூட்டியே விற்றுப் போய் வந்த குடும்பங்களுக்குக் கடைசியில் கிடைத்த பதில், வீட்டுக்குக் கூட்டிப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

பூட்டு எங்கே என்று தெரிந்த வருடம்

1983இல் மசூர், கிளார்க் என்ற இரண்டு அமெரிக்க நோய்க்குறியியலாளர்கள், தசைக் கட்டி என்று எல்லோரும் எழுதிவந்தவற்றில் பல உண்மையில் தசையிலிருந்து வந்தவை அல்ல என்று காட்டினார்கள். எதிலிருந்து வந்தவை என்பதற்கு அப்போது விடையில்லை. விடை 1998இல் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்தது. செய்இச்சி ஹிரோத்தாவும் அவருடைய குழுவினரும் இந்தக் கட்டிகளின் உயிரணுக்களில் கிட் என்ற மரபணு மாறிக் கிடப்பதைக் கண்டுபிடித்து, சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். கட்டியின் ஊற்று, குடல் சுருங்கி விரிவதற்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் காஹால் உயிரணுக்களின் பரம்பரை என்பதும் அதே காலத்தில் தெளிந்தது. நூறு ஆண்டுக்கு முன் அவற்றை விவரித்த ஸ்பானிய அறிஞர் சந்தியாகோ ரமோன் இ காஹால் 1906இல் நோபல் பரிசு பெற்றவர்.

கல்லோயாத் தண்ணீரில் வேளாண்மை செய்யும் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. கிட் என்பது உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு மதகு. தேவைப்படும்போது திறந்து, வளர் என்ற கட்டளையை உள்ளே விடும், பிறகு மூடிக்கொள்ளும். மரபணு மாறினால் மதகுப் பலகை கழன்றுவிடுகிறது. கேட்பாரில்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, உயிரணு பெருகிக்கொண்டே இருக்கிறது. இந்த நோயாளிகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரளவில் கிட் மதகுதான் பழுது. இன்னும் பத்துப் பேரளவில் அதற்கு அடுத்த பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்ற மதகு.

இந்த இடத்தில் நோயாளிகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் பெரும்பாலும் தற்செயலாக, வாழ்நாளில் ஏதோ ஒரு உயிரணுவில் நடப்பது. பரம்பரையாக வருவது மிக மிகச் சிலருக்கே. வெற்றிலையோ உறைப்புக் கறியோ வயலுக்கு அடித்த மருந்தோ இதற்குக் காரணம் என்று யாரும் நிறுவியதில்லை. தொற்றுவதும் இல்லை. "நான் என்ன பாவம் செஞ்சன்" என்று கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் உம்மாவுக்கு, நீங்கள் எதுவும் செய்யவில்லை என்று பிள்ளைகள் தைரியமாகச் சொல்லலாம்.

ஹெல்சிங்கியில் ஒரு பெண்

மதகு எது என்று தெரிந்தபோது, அதற்குப் பொருந்தும் பலகை வேறொரு நோய்க்காக ஏற்கனவே செய்யப்பட்டிருந்தது. நாட்பட்ட இரத்தப் புற்று ஒன்றுக்காக பிரையன் ட்ருக்கர், நிக்கலஸ் லைடன் முதலியோர் பாடுபட்டு உருவாக்கிய அந்த மருந்து பின்னாளில் இமாட்டினிப் என்ற பெயர் பெற்றது. ஆய்வுகூடத்தில் அது கிட் மதகையும் அடைப்பது தெரிந்தது. 2000 மார்ச் மாதம் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஹெய்க்கி யோயென்சூ என்ற மருத்துவர், இந்த நோய் ஈரல் முழுவதும் பரவி, வேறு வழியெல்லாம் அடைபட்டுப்போன ஒரு பெண்ணுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கட்டிகள் சுருங்கத் தொடங்கின. ஒரு மாதத்தின் பின் எடுத்த பெட் ஸ்கேனில், முன்பு ஒளிர்ந்த இடங்கள் அணைந்திருந்தன. ஒரே ஒரு நோயாளியின் அந்தக் கதையை 2001இல் உலகின் முதல் தர மருத்துவ சஞ்சிகையொன்று வெளியிட்டது.

அதற்குள் ஜோர்ஜ் டெமெட்ரி தலைமையில் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் பெரிய பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. 147 நோயாளிகள் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. இன்னும் கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு வளர்ச்சி நின்றது. கீமோதெரபி நூறில் பத்துப் பேருக்குக் கூட உதவாத நோயில் இது நடந்தது. 2002 பெப்ரவரியில் அமெரிக்கா இந்த நோய்க்கு இமாட்டினிப்பை அங்கீகரித்தது. பரவிய நோயோடு முன்பு ஒன்றரை ஆண்டளவாக இருந்த நடுத்தர ஆயுள் ஐந்து ஆண்டளவுக்கு ஏறியது. பத்து ஆண்டைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் கரை அந்த ஆண்டுகளில் வேறு துயரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இலங்கையில் அதிகம் பேரை இழந்த மாவட்டம் இதுதான். ஆஸ்பத்திரிகளே அடிவாங்கின. அப்போது இங்கே யாரும் அபூர்வமான குடற்புற்றின் புதிய மருந்தைப் பற்றிப் பேசும் நிலையில் இருக்கவில்லை.

விலை இறங்கிய கதை சென்னையில்

மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் கல்முனைக்கு வந்து சேர்ந்துவிடாது. இமாட்டினிப்பை நோவார்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்றது. இந்தியாவில் அதன் விலை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாயாக இருந்தது. அதே மருந்தை இந்தியக் கம்பனிகள் எட்டாயிரம் பத்தாயிரம் ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடிந்தது. இந்த வித்தியாசம் யாருடைய பக்கம் தீரும் என்பதை முதலில் முடிவு செய்த இடம் சென்னை.

மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நிறுவனம் செய்த விண்ணப்பத்தை, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. ஏற்கனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(d) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எதிர்த்தரப்பில் இந்திய மருந்துக் கம்பனிகளோடு, புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் நின்றது. கடைசியாக 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேன்முறையீட்டை நிராகரித்தது. நிறுவனமும் இன்னொரு பக்கம் 2002இலிருந்து பல நாடுகளில் வசதியற்ற நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தது, அதனால் பிழைத்தவர்களும் பல ஆயிரம். ஆனால் கொடை என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. விலை இறங்குவதோ அரசாங்கங்கள் தாமே வாங்கிக் கொடுக்க வழி திறக்கிறது.

இலங்கைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. பேராசிரியர் சேனக்க பிபிலே வகுத்த கொள்கையின்படி 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியது. வர்த்தகப் பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் சொந்தப் பெயரில் கேள்விப்பத்திரம் கோரி மலிவாக வாங்குவதுதான் அந்தக் கொள்கை. ஊரில் நாம் போகும் ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தின் கிளைகள். 2015இல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இன்று எங்கள் நாட்டில் அரச புற்றுநோய்ப் பிரிவுகளில் அந்தக் குளிசை நோயாளியின் கையில் காசில்லாமல் வைக்கப்படுகிறது. மருதமுனைத் தறிகாரரும் மாளிகைக்காட்டு மீனவரும் இந்த மருந்தை விழுங்க முடிவதற்கு ஒசாகாவின் ஆய்வுகூடம் எவ்வளவு காரணமோ, சென்னை நீதிமன்றமும் எங்கள் இலவச சுகாதார சேவையும் அவ்வளவு காரணம்.

இன்று: கண்ணாடித் தட்டிலிருந்து கிளினிக் கொப்பி வரை

இன்று கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ கறுப்பு மலத்தோடும் இரத்தக் குறைவோடும் போய்ச் சேரும் ஒருவரின் பாதை வேறு. கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, முடியுமானால் வெட்டி எடுக்கப்படுகிறது. வெட்டும்போது கட்டி உடையாமல் முழுசாக எடுப்பது முக்கியம். உடைந்து சிந்தினால் நோய் திரும்பும் ஆபத்து பலமடங்காகிறது.

எடுத்த சதையில் ஒரு மெல்லிய சீவல் கண்ணாடித் தட்டில் ஏறுகிறது. சாதாரண சாயத்தில் நீண்ட, கதிர் வடிவ உயிரணுக்கள் கட்டுக்கட்டாகக் கிடப்பது தெரியும். அவை தசையா, வேறொன்றா என்று சொல்ல முடியாது. பிறகு சி.டி.117 என்ற விசேட சாயம் போடப்படுகிறது. அது கிட் புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். தட்டு முழுவதும் மண்ணிறமாக மாறினால் நோய்க்குறியியலாளர் ஜிஸ்ட் என்று எழுதுவார். முப்பது ஆண்டுக்கு முன் பிழையான பெயரோடு புதைந்துபோன நோய் இப்போது அந்த மண்ணிறத்தில் பிடிபடுகிறது. கூடவே இரண்டு எண்கள் அறிக்கையில் வர வேண்டும்: கட்டியின் அளவு எத்தனை சென்ரிமீற்றர், பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் எத்தனை. கட்டி இரைப்பையிலா சிறுகுடலிலா என்பதையும் சேர்த்து இந்த மூன்றும்தான் ஆபத்து எவ்வளவு என்று சொல்லும். அறிக்கையை வாங்கும் பிள்ளைகள் இவை இருக்கின்றனவா என்று பார்த்துக் கேட்க வேண்டும்.

ஆபத்துக் குறைந்தவருக்கு மருந்து தேவையில்லை, ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். ஆபத்துக் கூடியவருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மூன்று ஆண்டு இமாட்டினிப். இதுவும் யோயென்சூவின் வேலைதான். ஸ்கண்டிநேவியாவிலும் ஜெர்மனியிலும் 400 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓராண்டும் மறுபாதிக்கு மூன்றாண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. ஐந்து ஆண்டின் பின் உயிரோடிருந்தவர்கள் ஓராண்டுக் குழுவில் நூற்றுக்கு 82 பேர், மூன்றாண்டுக் குழுவில் 92 பேர். நோய் பரவியவர்களுக்கு மருந்து பலன் தரும் வரை தொடர்ந்து கொடுக்கப்படுகிறது.

தூரமும் குறைந்திருக்கிறது. 40 கிலோமீற்றரில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. வடக்கில் தெல்லிப்பழையில் 2013இல் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் குறுக்கே நடந்தவர்கள் திரட்டிய பணத்தில் எழுந்தது அது. மஹரகமவின் புற்றுநோய் வைத்தியசாலை இப்போது அபேக்ஷா என்ற பெயரில் இயங்குகிறது. சிக்கலான நோயாளிக்கு இன்றும் அதுதான் தலைமை இடம். ஆனால் மாதக் குளிசைக்காக இரவு பஸ்ஸில் போய் மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்பும் கட்டாயம் எல்லோருக்கும் இல்லை.

கிளினிக்கில் நடக்கும் பேச்சும் மாறிவிட்டது. மகள் கேட்கிறாள்:

"டொக்டர், உம்மாக்கு இந்தக் குளிச எத்தின மாசத்துக்குக் குடுக்கணும்?"

"மாசக் கணக்கு இல்ல தங்கச்சி. நாங்க நிப்பாட்டச் சொல்ற வரைக்கும். ஒரு நாளும் உடாதீங்க. சாப்பாட்டோட, ஒரு பெரிய கிளாஸ் தண்ணியோட."

வழமையான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும், இரவில் கெண்டைக்கால் நரம்பு இழுக்கும், சிலருக்கு வயிறு போகும். இவற்றுக்குப் பயந்து பலர் சொல்லாமலே குளிசையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதைவிட மருத்துவரிடம் சொல்வது நல்லது, ஏனென்றால் இவற்றில் பலவற்றுக்கு எளிய பரிகாரம் உண்டு. காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் கடையில் வாங்கும் பனடோலை இஷ்டத்துக்கு விழுங்காமல் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், ஈரலுக்கு அது கூடுதல் சுமை. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் இந்த மருந்து எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது. மூலிகை மருந்தோ வேறு எதுவோ சேர்த்து எடுப்பதாக இருந்தாலும் மறைக்கக் கூடாது.

நோன்பு மாதம் வந்தால், குளிசையை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பை விட்டு வேறு நாளில் பிடிக்கலாம், முடியாதவர் ஃபித்யா கொடுக்கலாம். ஆனால் நலமாக இருக்கும் பலர் நோன்பை விட மனமில்லாமல் இருக்கிறார்கள். ஒருநாளில் ஒரே தடவை எடுக்கும் மருந்து என்பதால், மருத்துவர் அனுமதித்தால், மஃரிபுக்கு நோன்பு துறந்து, கஞ்சியும் சாப்பாடும் ஆன பிறகு குளிசையைப் போட்டுக்கொள்ள முடிகிறது. செய்யக் கூடாதது ஒன்றுதான்: யாரிடமும் கேட்காமல் முப்பது நாளும் குளிசையை நிறுத்திவைப்பது.

அணை உடைக்கும் தண்ணீர்

இமாட்டினிப் நோயை அடக்குகிறது, வேரோடு பிடுங்குவதில்லை. ஓடும் தண்ணீர் புது உடைப்பைத் தேடுவது போல, பரவிய நோயில் சராசரியாக இரண்டு ஆண்டளவில் பலருக்குக் கட்டியின் உயிரணுக்கள் இரண்டாவது மாற்றத்தை உண்டாக்கிக்கொண்டு மருந்தை மீறுகின்றன. அதற்காக 2006இல் சுனிட்டினிப் வந்தது. 2013இல் ரெகோராஃபெனிப். 2020 ஜனவரியில் அவாப்ரிட்டினிப். இது இமாட்டினிப் தொடக்கத்திலேயே வேலை செய்யாத பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ மாற்றம் ஒன்றுக்கு விசேடமானது. அதே ஆண்டு மே மாதம், இமாட்டினிப் உட்பட மூன்று மருந்துகள் தோற்ற பிறகு கொடுப்பதற்கு ரிப்ரெட்டினிப்.

எந்த மருந்து யாருக்கு என்பதைச் சொல்வது கட்டியின் மரபணுச் சோதனை. கிட் மரபணுவின் பதினோராவது கூறில் மாற்றமிருந்தால் 400 மில்லிகிராம் நன்றாகக் கேட்கும். ஒன்பதாவது கூறில் இருந்தால் இருமடங்கு அளவு யோசிக்கப்படுகிறது. சில மாற்றங்களுக்கு இமாட்டினிப் கொடுப்பதே வீண். பணக்கார நாடுகளில் இந்தச் சோதனை வழமை. எங்கள் நோயாளிகளில் எல்லோருக்கும் அது இன்னும் எட்டவில்லை. கடைசியாக வந்த இரண்டு மருந்துகளோ அமெரிக்காவில் மாதத்துக்கு 30,000 டொலருக்கு மேல் விலை சொல்லப்பட்டவை. இமாட்டினிப் 2002இல் எங்கிருந்ததோ, அவை இன்று அங்கே இருக்கின்றன.

அறுபட்ட மாதங்கள்

2022ஐ இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, மருந்து இல்லை. அபேக்ஷா உட்பட அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய் மருந்துகள் தட்டுப்பட்டன. பெற்றோல் வரிசையில் நின்ற ஊரில் கிளினிக்குக்குப் போக வாகனம் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. இந்தியாவின் கடனுதவியும் வெளிநாட்டில் உள்ள எங்கள் ஆட்களின் பொதிகளும் பல உயிர்களைத் தாங்கின. நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள், அந்த இடைவெளி இன்னும் நிரம்பவில்லை.

இந்த நோயில் தட்டுப்பாடு என்பது சாதாரண அசௌகரியமல்ல. பிரான்சில் நடந்த ஒரு நீண்ட பரிசோதனை இதற்குச் சாட்சி. மருந்தால் நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டின் பின்னும், மூன்றாண்டின் பின்னும், ஐந்தாண்டின் பின்னும் இமாட்டினிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். எத்தனை ஆண்டு அடங்கியிருந்தாலும், நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பி வளர்ந்தது. மீண்டும் மருந்தைத் தொடங்கியதும் பலருக்கு அடங்கியது உண்மை. ஆனால் முன்பிருந்த நல்ல நிலைக்கு எல்லோரும் திரும்பவில்லை. ஆகவே இமாட்டினிப்பின் விஷயத்தில் மருந்து எவ்வளவு முக்கியமோ, அது இடைவிடாமல் கிடைப்பதும் அவ்வளவு முக்கியம். களஞ்சியத்தில் ஒரு மாதம் இல்லாமல் போன குளிசை, கொழும்பில் ஒரு கொள்வனவுப் பிழையாக மட்டும் நிற்பதில்லை. நிந்தவூரில் ஒருவருடைய ஈரலில் அது தெரியும்.

இனிச் செய்ய வேண்டியது

அன்று எங்கள் மக்களுக்கும் உயிருக்கும் நடுவே நின்றது அறிவு இல்லாமை. பிறகு விலை நின்றது. இரண்டையும் உலகத்தின் எங்கோ இருந்த மனிதர்கள் எங்களுக்காகவும் சேர்த்து விலக்கித் தந்துவிட்டார்கள். இன்று நிற்பவை பெரும்பாலும் நாங்களே விலக்கக்கூடியவை.

முதலாவது, நேரத்தோடு கண்டுபிடிப்பது. கறுப்பு மலம், காரணமில்லாத இரத்தக் குறைவு, வயிற்றில் கட்டி. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கெஸ்ட்ரைட்டிஸ் மருந்தோடு நாளைக் கடத்தக் கூடாது. ஜும்ஆவின் பின் அறிவிப்பிலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் இரண்டு நிமிடம் இதற்குக் கொடுத்தால் போதும். இரண்டாவது, கட்டியின் மாதிரி பயணம் செய்யட்டும், நோயாளி பயணம் செய்ய வேண்டாம். மெழுகில் பதித்த ஒரு சின்னச் சதைத் துண்டு தபாலில் கொழும்புக்கும் போகும், வெளிநாட்டுக்கும் போகும். மரபணுச் சோதனையை ஒரு தேசிய ஏற்பாடாக்கினால் கல்முனைக்காரருக்கும் கொழும்புக்காரருக்கும் ஒரே அறிக்கை கிடைக்கும். சுனிட்டினிப்பின் காப்புரிமைக் காலம் பல நாடுகளில் முடிந்து மலிவான வடிவங்கள் வந்துவிட்டன. இரண்டாம் கட்ட மருந்தும் இனி எட்டாக்கனியாக இருக்கத் தேவையில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இத்தகைய நோயாளிகள் நாட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு மாதத்துக்கு எத்தனை குளிசை என்பது எண்ணித் தெரிந்துகொள்ளக்கூடிய சிறு தொகை. அபூர்வமான நோயில் இது ஒரு வசதி. பெயர் பெயராகப் பதிந்து, ஆறு மாதத்துக்குரிய கையிருப்பை எப்போதும் வைத்திருக்க ஒரு அரசாங்கத்தால் முடியும். அதுவரை, பள்ளிவாசல்களின் ஜகாத் நிதியும் வெளிநாட்டில் உள்ள ஊர்ச் சங்கங்களும் ஒரு மாதத் தட்டுப்பாட்டைத் தாங்கும் அளவுக்கு மருந்துப் பொறுப்பை ஏற்கலாம். சுனாமியின்போது ஒரே இரவில் சோறு சமைத்துக் கொடுத்த ஊர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

முப்பது ஆண்டுக்கு முன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு நாங்கள் எதுவும் செய்திருக்க முடியாது. இன்று நோய் கண்டவருக்கு மருந்து உண்டு, அது இலவசம், அது பெரும்பாலோருக்கு வேலை செய்கிறது. இனி எங்கள் கரையில் யாராவது இந்த நோயால் முன்கூட்டி இறந்தால், நோய் பெரிது என்று சொல்வதற்கு முன், அவருக்குக் குளிசை ஒரு நாளும் விடாமல் கிடைத்ததா என்று ஊர் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு சுகாதார அமைச்சுக்கு உண்டு. கேட்கும் பொறுப்பு எங்களுக்கு உண்டு.